நாக்கு நுனியில் ஒரு கிம்

அத்தியாயம் 9

மகனின் கைப்பேசியில் அந்தப் படத்தைப் பார்த்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

கடற்கரையில் ராஹியும் அவளுடைய அப்பாவும். "இவர்தாம்மா எனக்கு மாமனார் ஆகப்போறவர்" என்று கிதே சிரித்துக்கொண்டே காட்டினான். கும்ரே அந்தத் தடித்த கழுத்தைப் பார்த்தாள். எதிரில் இருப்பவரை எடைபோடுவதுபோல் மேலே தூக்கியிருந்த முகவாயைப் பார்த்தாள். அதற்குப் பிறகு மகன் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

அவனேதான். தலை நரைத்து, கன்னம் தொங்கி, நாற்பத்தாறு வருடம் கழித்து வந்து நிற்கிறான்.

முகம் மறக்கவில்லை. குரல் மறக்கவில்லை. வாயில் புதினா மிட்டாயை அதக்கிக்கொண்டே திட்டுவான் என்பதுகூட மறக்கவில்லை. பெயர் மட்டும் வரவில்லை. ஒன்பது நாளாக வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் மீரானின் பார்லரில் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். கடைக்கு அன்று விடுமுறை. மதியம் பூசானின் தொங்னே பகுதியில் சம்பந்திகள் முதல்முறை சந்திக்கும் விருந்து. அம்மாவின் தலையில் சுருள் போட்டபடியே மகள் ஆரம்பித்தாள்.

"வந்துச்சா?"

"வரல. கா, நா, தான்னு வரிசையா எல்லா எழுத்தும் போட்டுப் பார்த்தேன். குடும்பப் பேர் கிம்னு தெரியும். அதுக்கு மேல ஓடல."

"கிம். பஸ்ல ஏறினா பத்து கிம் உட்கார்ந்திருப்பாங்க. ராஹி அப்பா பேரு கிம் சொனு. நீ சொல்ற ஆளு சொனு இல்லைன்னு நீயே சொல்றே."

"பேரை மாத்தியிருப்பான்."

"அம்மா, போன வாரம் என்னைக் கூப்பிட முதல்ல சித்தி பேரைச் சொன்னே. அப்புறம் செத்துப்போன நாய் பேரைச் சொன்னே. மூணாவதாத்தான் நான் வந்தேன்."

கும்ரே கண்ணாடியில் மகளை முறைத்தாள். அறுபத்தாறு வயதில் பொருள்களின் பெயர் எதுவும் அவளை விட்டுப் போகவில்லை; ஆட்களின் பெயர்தான் நழுவியது. தெருமுனைத் தையல்காரரைப் பார்த்தால் அவர் மனைவிக்கு என்ன நோய் என்று ஞாபகம் வரும், பேரனுக்கு எந்த ஊரில் வேலை என்று வரும். அவர் பெயர் வராது. அவர் போன பிறகு, முள்ளங்கி நறுக்கும்போது வரும்.

இதில் பெரிய எரிச்சல், வேறொரு பெயர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பே ஜொங்கில். எப்போது அந்த ஆளை நினைத்தாலும் இந்தப் பெயர்தான் வந்து நின்றது. பே ஜொங்கில் பாவம், தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நின்றவர். இரவு வேலை முடிந்து வரும் பெண்களுக்குச் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொடுத்தவர்.

"நாப்பத்து மூணு பேரோட வயித்துல அடிச்சவன் மீரான்."

"தெரியும்மா. சின்ன வயசுலேர்ந்து கேட்டுட்டுத்தானே இருக்கேன்."

சாசாங் பகுதியில் ஒரு ரப்பர் காலணித் தொழிற்சாலை. கும்ரேக்கு அப்போது இருபது வயது. வேலை முடிந்து வெளியே போகும் பெண்களை ஆண்கள் தடவிச் சோதித்துத்தான் அனுப்புவார்கள். செருப்பைத் திருடிப் போகிறார்களாம். அதை நிறுத்தச் சொல்லி நாற்பத்து மூன்று பெண்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். கொண்டுபோய்க் கொடுத்தவள் கும்ரே. வாங்கிக்கொண்டவன், ஆட்களை வேலைக்கு எடுப்பதும் நீக்குவதுமாக இருந்த மேலாளர் கிம். நிதானமாகப் படித்தான். "கையெழுத்தெல்லாம் அழகா இருக்கு" என்றான். மறுநாள் அத்தனை பேரையும் வெளியே தள்ளினான்.

அதோடு விட்டிருந்தால் போயிருக்கும். அந்தப் பெயர்களைத் தட்டச்சு செய்து பூசானின் எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் அனுப்பிவைத்தான். எங்கே சேர்ந்தாலும் மூன்றாம் நாள் ஒருவர் வந்து கூடத்தின் நடுவில் நின்று கேட்பார்: "இங்க தாக் கும்ரே யாரு?"

"ஒண்ணே ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ" என்றாள் மீரான், கடைசிச் சுருளை அவிழ்த்தபடி. "பேர் வந்தா பேசு. நானும் உன்கூட நின்னு பேசறேன். வரலைன்னா வாயைத் திறக்காம சாப்பிட்டுட்டு வரணும். ஆள் மாறிப்போச்சுன்னா தம்பி வாழ்க்கை போச்சு. அவனுக்கு முப்பத்தெட்டு வயசு."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரிதான். சீப்பைக் குடு."

தொங்னே உணவகத்தில் தனியறை பிடித்திருந்தான் கிதே. புது கோட்டு, புது டை, நெற்றியில் வியர்வை. ராஹி எழுந்து வந்து குனிந்து வணங்கினாள். கும்ரேக்குப் பிடித்த பெண். மருத்துவமனையில், பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களுக்குப் பேசப் பழக்கும் வேலை.

"வாம்மா ராமி" என்றாள் கும்ரே.

கிதே தலையைக் குனிந்துகொண்டான்.

"ராஹி" என்று அவளே திருத்திக்கொண்டாள். முகம் சுட்டது.

"பரவாயில்ல சம்பந்தியம்மா" என்று ராஹியின் அப்பா சிரித்தார். "வயசானா பேர்தான் முதல்ல வீட்டைக் காலி பண்ணிட்டுக் கிளம்பும்."

அந்தக் குரல். அவர் வாயிலிருந்து புதினா வாசனை மேஜையைத் தாண்டி வந்தது. கும்ரே மடியில் இருந்த கைத்துண்டை இறுக்கிப் பிடித்தாள். கிம்... கிம்... பே ஜொங்கிலின் பெயர்தான் மறுபடி வந்து நின்றது.

"அப்பா, கேலி பண்ணாதீங்க" என்றாள் ராஹி. "எல்லாருக்கும் நடக்கறதுதான் அத்தை. ஒருத்தர் என்ன வேலை, எந்த ஊர், எப்படிச் சிரிப்பார், இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கட்டியிருக்கும். ஒரு நூலை இழுத்தா இன்னொண்ணு வரும். பேர் எதோடயும் கட்டாம தனியாக் கிடக்கு. அதான் முதல்ல நழுவுது. துரத்தினா தப்பான பேர்தான் வந்து குறுக்க நிக்கும். விட்டுட்டு வேற ஏதாவது பேசிட்டிருந்தா தானா வரும்."

"அதெல்லாம் மத்தவங்களுக்கு" என்றார் கிம் சொனு. எழுபத்து நான்கு வயதுக்கு நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். "என்கிட்ட எழுநூறு பேர் வேலை பார்த்தாங்க. ஒவ்வொருத்தர் பேரும் ஊரும் இன்னைக்குக் கேட்டாலும் சொல்வேன். ஒரு தடவை காதுல விழுந்தா போதும், எனக்குப் போகாது."

"எந்த ஊர்ல சம்பந்தி?" கும்ரே கேட்டாள். மீரானின் கை மேஜைக்கடியில் அவள் முழங்காலைப் பிடித்தது.

"தேகுல. கடைசி வரைக்கும் தேகுதான். ரிட்டயர் ஆனப்புறம் கடல் காத்துக்காக இங்க வந்தேன்."

பூசணிக் கஞ்சி வந்தது. சுட்ட மீன் வந்தது. கல்யாணத்தை வசந்தத்தில் வைப்பதா, இலையுதிர் காலத்தில் வைப்பதா என்று பேச்சு போனது. கிதே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஆமாம் மாமா" என்றான். அந்த மனிதர் அவன் தட்டில் மீன் துண்டை எடுத்து வைத்து, "சாப்பிடுங்க மாப்பிள்ளை, ஒல்லியா இருக்கீங்க" என்றார். தன் மகனுக்கு அவன் மீன் எடுத்து வைக்கிறான். கும்ரே கஞ்சிக் கிண்ணத்தைக் கையிலேயே வைத்திருந்தாள்.

பெயர் வரவில்லை. வராது என்று தெரிந்துவிட்டது. சாப்பாடு முடிந்துவிடும், இவன் சிரித்துக்கொண்டே எழுந்து போவான், வசந்தத்தில் தன் மகன் இவன் காலில் விழுந்து கும்பிடுவான்.

சரியான பெயர்தானே வரவில்லை? தவறான பெயர் ஒன்று வாசலிலேயே நிற்கிறதே.

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"உங்களைப் பார்த்தா எனக்கு ஒருத்தர் ஞாபகம் வருது சம்பந்தி. ரொம்ப வருஷம் முன்னாடி சாசாங்குல ஒரு செருப்பு ஃபேக்டரி இருந்துச்சு. அங்க மேனேஜர். எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பே ஜொங்கில்னு பேரு."

அவர் மீனிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை.

"பே ஜொங்கில் மேனேஜரா? நல்லாக் கெட்டுது. அவன் கேட்டுல நின்ன காவக்காரன். இடது காலைத் தாங்கித் தாங்கி நடப்பான்."

சொல்லி முடித்த பிறகுதான் தன் சொல் அவர் காதுக்கே எட்டியது. கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகள் தட்டின்மேல் அப்படியே நின்றன.

மீரானின் கை முழங்காலிலிருந்து மெல்ல விலகியது.

"எந்தக் கேட்டுப்பா?" ராஹி கேட்டாள்.

"தேகுல ஒரு பே ஜொங்கில் இருந்தான். அவனைச் சொன்னேன்."

"அங்கயும் செருப்பு ஃபேக்டரியா?" என்றாள் கும்ரே. "அங்கயும் கால் தாங்கித்தான் நடந்தாரா?"

"வயசாச்சு சம்பந்தியம்மா. பேரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு குழம்புது."

"இப்பத்தானே குழம்பாதுன்னீங்க" என்றாள் ராஹி. கேலியாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது குரலில் கேலி இல்லை.

"உங்க பழைய பேர் என்ன சம்பந்தி?" என்று கேட்டாள் கும்ரே.

"பழைய பேரா? எனக்கு ஒரே பேர்தான்."

"என்னப்பா, நான் காலேஜ் சேர்ந்த வருஷம்தானே மாத்தினீங்க. பேர் பார்க்கிறவர் சொன்னார்னு. அதுக்கு முன்னாடி..."

"ராஹி." அவர் குரலை உயர்த்தவில்லை. "சாப்பிடு."

அந்த "சாப்பிடு"வில் கும்ரேக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. இருபது வயதில் தன்னிடம் "வெளியே போ" என்று சொன்ன அதே குரல். அடுத்த கணமே உடம்பெல்லாம் இளஞ்சூடு பரவியது. பயந்திருக்கிறான். நாற்பத்தாறு வருடமாகத் தான் பார்க்க ஆசைப்பட்ட முகம் இதுதான். இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

"அம்மா, என்ன இதெல்லாம்?" கிதேயின் காது சிவந்திருந்தது. "போலீஸ் ஸ்டேஷன்ல விசாரிக்கிற மாதிரி."

"பழம் வருது தம்பி, முதல்ல அதைச் சாப்பிடலாம்" என்று மீரான் இடையில் புகுந்தாள். ஆனால் அவளும் இப்போது அந்த மனிதரை வேறு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேரிக்காய்த் துண்டுகளை யாரும் தொடவில்லை.

சாப்பாடு முடிந்ததும் கிதே மாமனாரை வெளியே அழைத்துப்போனான். அவர் புகை பிடிக்க வேண்டும் என்றார். மீரான் காரை எடுக்கப் போனாள். செருப்பு மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் காபி இயந்திரம் இருந்தது. ராஹி இரண்டு காகிதக் குவளைகளில் காபி பிடித்து, ஒன்றைக் கும்ரேயிடம் நீட்டினாள்.

"அவர் என்ன பண்ணினார் அத்தை?"

"முதல்ல அந்தப் பேரைச் சொல்லு."

ராஹி தலையசைத்தாள். "மாட்டேன். நான் சொல்லிட்டா நீங்க ஆமாம்பீங்க. அப்புறம் அது உங்க ஞாபகமா, நான் குடுத்ததான்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. எனக்குத் தெரியணும்."

கெட்டிக்காரப் பெண். அதனால்தான் பிடித்தது, இப்போது அதனால்தான் கோபமும் வந்தது.

"எனக்கு வரலையேம்மா. ஒன்பது நாளா மண்டையை உடைச்சுக்கறேன்."

"தேடாதீங்க. பேரே வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்லுங்க. உங்ககூட அங்க யார் இருந்தாங்க?"

யாரும் இதைக் கேட்டதில்லை. பிள்ளைகள் பட்டியலைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், அவனைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

"யொங்னிம் இருந்தா" என்றாள் கும்ரே. "ரெண்டு பேரும் ஒரே அறை. அவ ஹாதொங் பக்கம், ஆத்தோரத்து ஊர். தூங்கறப்போ பாடுவா, அவளுக்கே தெரியாது. எல்லாரையும் வெளிய அனுப்பினப்புறம் நான் வீட்டு வேலைக்குப் போனேன். அவளுக்குத் தம்பிங்க மூணு பேர், ஊருக்குப் பணம் அனுப்பியாகணும். சொந்தப் பேர்ல எங்கயும் சேர்க்கல. அத்தை மகளோட அடையாள அட்டையை வாங்கிட்டுப் போய் மீன் பதப்படுத்தற இடத்துல சேர்ந்தா. பதினோரு மாசம். நல்லாத்தான் இருந்தா. அப்புறம் அங்க பாய்லர் வெடிச்சுது."

ராஹி குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பேப்பர்ல அத்தை மகள் பேர்தான் வந்துச்சு. ஆஸ்பத்திரில கால் விரல்ல கட்டியிருந்த சீட்டுலயும் அந்தப் பேர்தான். நான் போய், இவ யொங்னிம்னு சொன்னேன். அட்டையில அப்படி இல்லையேன்னாங்க. அத்தை மகள் ஊர்ல உயிரோட இருக்கா, அவங்க வீட்டுக்கு இழவு கேட்டு ஆளுங்க போறாங்க. இவளுக்கு யாரும் போகல. ஃபேக்டரில, செத்தது யொங்னிம்தான்னு ஒரு கடுதாசி எழுதித் தரச் சொல்லலாம்னு நான் சாசாங்குக்கே போனேன். வாசல்ல பே ஜொங்கில் அண்ணன் உள்ள விட்டார். மாடி ஏறிப்போய்க் கையைக் கட்டிட்டு நின்னேன். மிட்டாய் சப்பிட்டே கேட்டான். எல்லாத்தையும் கேட்டுட்டு கிம் ஹாக்பொங் என்ன சொன்னான் தெரியுமா, 'செத்தாளா? அப்ப பட்டியல்ல ஒரு பேர் குறைஞ்சுது...'"

அவள் நிறுத்தினாள்.

வாயில் அது இன்னும் இருந்தது. கிம் ஹாக்பொங். கூப்பிடாமல், தேடாமல், யொங்னிமின் பின்னால் மாடிப்படி ஏறி வந்திருந்தது.

ராஹியின் முகத்தில் நிறம் இல்லை. அவள் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குவளையை இயந்திரத்தின் மேல் வைத்தாள். காபி சிந்தியது.

"அந்தப் பேரை பதினாறு வருஷமா எங்க வீட்டுல யாரும் சொன்னதில்ல" என்றாள். "மாத்தின வருஷம் யாரோ பத்திரிகைக்காரங்க அந்தப் பேரைச் சொல்லி ரெண்டு தடவை தேடி வந்தாங்க. அப்பா இல்லைன்னு சொல்லச் சொன்னார். நான்தான் கதவைத் திறந்து சொன்னேன்."

கும்ரேக்கு இந்தப் பெண்ணை நினைத்து இரக்கம் வந்தது. ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக வந்தது. அதற்காக அவள் வெட்கப்படவில்லை.

"கிதே கிட்ட இன்னைக்குச் சொல்லாதீங்க அத்தை. முதல்ல நான் அப்பாகிட்டப் பேசணும்."

"இன்னைக்கு ஒரு நாள்" என்றாள் கும்ரே. "நாளைக்கு நான் பொறுக்க மாட்டேன்."

காரில் ஏறியதும் முதல் வேலையாக, "பேனா எடு" என்றாள் மகளிடம். "எழுதிக்கோ. கிம் ஹாக்பொங். மறுபடி ஓடிடப்போறான்." மீரான் வாகன நிறுத்த ரசீதின் பின்பக்கத்தில் எழுதினாள். எழுதிவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "மன்னிச்சுக்கோம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

யொங்தோ பாலத்தில் ஏறும்போது கும்ரேயின் கைப்பேசி அடித்தது. சம்பந்தி என்று கிதே பதிந்து கொடுத்திருந்த எண்.

"தாக் கும்ரே." சம்பந்தியம்மா என்ற அழைப்பு காணாமல் போயிருந்தது. "ரெண்டாவது வரிசை. பதினாறாம் மெஷின். பே ஜொங்கில்னு சொன்னியே, அப்பவே தெரிஞ்சிருக்கணும் எனக்கு. என் பொண்ணு வண்டியில ஒரு வார்த்தை பேசல, பாதியிலயே இறங்கிப் போயிட்டா. என்ன வேணும் உனக்கு?"

மீரான் வண்டியை ஓரம் கட்டினாள். கும்ரே கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்றேன் கேட்டுக்கோ, கிம் ஹாக்பொங்."

அந்தப் பக்கம் மூச்சு நின்று வந்தது.

"கல்யாணத்தை நிறுத்த மாட்டேன். அந்தப் பொண்ணை விட்டா என் பையனுக்கு நல்ல பொண்ணு கிடைக்க மாட்டா. எனக்கு வேண்டியது வேற. நீ என் பையன் முன்னாடியும் உன் பொண்ணு முன்னாடியும் எழுந்து நிக்கணும். உன் பேரைச் சொல்லணும். அப்புறம் எங்க நாப்பத்து மூணு பேர் பேரையும், ஊரையும், ஒண்ணு விடாம சொல்லணும். உனக்கு எதுவும் போகாதுன்னியே. யொங்னிம் பேரை முதல்ல சொல்லணும்."

மிட்டாய் பல்லில் உடையும் ஒலி கேட்டது.

"நாப்பத்து மூணா?" என்றான்.

"நாப்பத்து மூணு."

"தாளைக் கொண்டுவந்து குடுத்தவ நீ. உனக்கே தெரியலையா? நாப்பத்து நாலு கையெழுத்து இருந்துச்சு." குரலில் பழைய நிதானம் திரும்பியிருந்தது. "ஒருத்தியை மறந்துட்டே, தாக் கும்ரே. இத்தனை வருஷமா அவளுக்காக யாரும் அழல, நீயும் அழல. அவ பேரை நீ சொல்லு. அப்புறம் நான் எழுந்து நிக்கறேன்."

தொடர்பு அறுந்தது.

"பொய் சொல்றான்" என்றாள் மீரான். "உன்னைக் குழப்பறான்மா."

கும்ரே விரல் விட்டு எண்ணத் தொடங்கியிருந்தாள். யொங்னிம், சுன்சிம், மூன்றாவது வரிசை அக்கா தங்கை இருவர். கண்ணை மூடியபோது யாரோ ஒருத்தியின் முகம் வந்தது. பசை காய்ந்த விரல்கள், முன்பல்லில் சிறிய உடைப்பு, தாளை முழங்காலில் வைத்துக் குனிந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, "என் பேரைக் கடைசியில போட்டிருக்கேன் அக்கா, கண்ணுல படாம இருக்கட்டும்" என்று சிரிக்கிறாள்.

சிரிப்பு இருந்தது. பல் இருந்தது. பேச்சில் ஜொல்லா மாகாணத்து இழுப்புகூட இருந்தது.

"என்னம்மா?" என்று மீரான் தோளைத் தொட்டாள். "யாரு?"

"தெரியல" என்றாள் கும்ரே.